வெயிலைப் பார்த்தால் வரும் தும்மல்

கி.மு. 401. பாரசீகப் பேரரசின் நட்டநடுவே சுமார் பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படை வீரர்கள் திக்குத் தெரியாமல் நின்றிருந்தார்கள். சம்பளம் பேசி அவர்களை அழைத்துவந்த இளவரசன் சைரஸ், குனாக்ஸா போரில் செத்துப்போனான். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்ற பாரசீகர்களை நம்பிப் போன தளபதிகள் சிறைபிடிக்கப்பட்டார்கள். கூடப் போனவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். அன்றிரவு முகாமில் பலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் ஸெனஃபன் என்ற ஏதென்ஸ்காரர் வீரர்கள் முன் எழுந்து நின்றார். பிழைத்து ஊர் போய்ச் சேர நமக்கு வழி இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாரோ ஒருவன் தும்மினான்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெய்வத்தை நினைத்து வணங்கினார்கள். ஸெனஃபன் பேச்சை நிறுத்தினார். பிழைப்பதைப் பற்றிப் பேசும்போதே காக்கும் தெய்வமான ஸீயஸிடமிருந்து சகுனம் கிடைத்திருக்கிறது, நட்பு நாட்டை எட்டியதும் அவருக்குப் பலி கொடுப்போம் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்தப் படை மலைகளையும் பனியையும் தாண்டிக் கருங்கடலை எட்டியது. அந்தக் காலைத் தும்மலை ஸெனஃபனே பின்னாளில் தன் 'அனபாஸிஸ்' நூலில் எழுதிவைத்தார். கிரேக்கர்களுக்குத் தும்மல் என்பது தெய்வம் தரும் ஒப்புதல். அதற்குக் காரணம் தேடுவது அன்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. விடாமல் காரணம் கேட்டவர்கள் சில தலைமுறைகள் கழித்து வந்தார்கள்.

கி.மு. 335-இல் அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே, லைசியம் என்ற தோப்பில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளியின் வழியாக வந்த நூல்களில் ஒன்று விசித்திரமானது. முழுக்க முழுக்கக் கேள்விகளாலான தொகுப்பு அது. அரிஸ்டாட்டிலின் பெயரைத் தாங்கியிருந்தாலும், பெரும்பகுதி அவருக்குப் பின் வந்த மாணவர்கள் சேர்த்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. மொத்தம் 38 பகுதிகள். வியர்வை, குடிபோதை, கடல்நீர், களைப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏன், ஏன் என்று துருவியிருந்தார்கள். அவற்றில் ஒரு பகுதி மூக்குக்கு. இருமலுக்கும் மூக்கொழுகலுக்கும் இல்லாத புனிதம் தும்மலுக்கு மட்டும் ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள். வேறொரு பகுதியில், கண்ணைத் தேய்த்தால் தும்மல் நின்றுவிடுவது ஏன் என்று ஒரு கேள்வி. மூக்குப் பகுதியிலேயே இன்னொன்றும் இருந்தது: சூரியனின் வெப்பம் தும்மலை வரவழைக்கிறது, நெருப்பின் வெப்பம் வரவழைப்பதில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைப் போட்டவர் யாரென்று பெயர் தெரியாது. அவர் கெட்டிக்காரர் என்பது மட்டும் தெரிகிறது. வெயிலில் தும்மல் வருகிறது என்று கவனித்ததோடு அவர் நிற்கவில்லை. வெப்பம்தான் காரணம் என்றால் அடுப்பருகே உட்கார்ந்தாலும் வர வேண்டுமே என்று இன்னோர் அடி எடுத்துவைத்தார். இரண்டு வெப்பங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டது, பரிசோதனைக்கு வெகு அருகில் வந்த சிந்தனை. பதிலில்தான் வழி தவறிப்போனார்கள். சூரிய வெப்பம் மூக்கிலுள்ள ஈரத்தை ஆவியாக்கி விட்டுவிடுகிறது, அந்த ஆவி வெளியேறுவதே தும்மல். நெருப்போ ஈரத்தை ஒரேயடியாக உலர்த்திவிடுகிறது, ஆகவே தும்மல் இல்லை என்று எழுதிவைத்தார்கள். குற்றவாளி வெப்பம் என்றே தீர்ப்பாகிவிட்டது. கண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

அந்தத் தீர்ப்போடு நூல் நூற்றாண்டுகளைக் கடந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சிசிலியின் மன்னர் மான்ஃபிரட்டுக்காக மெஸ்ஸினா நகரத்து பார்த்தலோமியு என்பவர் அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படித்தார்கள், உரை எழுதினார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வந்த பதிலை அசைக்க, அரிஸ்டாட்டிலை எதிர்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் வந்தபோது அவரே விழுந்துகிடந்தார். இங்கிலாந்தின் லார்ட் சான்ஸலராக இருந்த பிரான்சிஸ் பேக்கன் 1621-இல் லஞ்சக் குற்றச்சாட்டில் பதவியை இழந்தார். அபராதம், சிறை, அவமானம். அரண்மனைக் கதவுகள் மூடிக்கொண்டன. மிச்சமிருந்த ஆண்டுகளில் அவர் எழுதினார். பழைய நூல்களை நம்பாதே, இயற்கையைக் கேள் என்பது அவர் கட்சி. ஆயிரம் சோதனைகளும் கவனிப்புகளும் அடங்கிய ஒரு பெருந்தொகுப்பைச் சேர்த்துக்கொண்டே வந்தார். அது அச்சுக்குப் போகும் முன்பே, 1626 ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய சொந்தப் பாதிரியாராக இருந்த வில்லியம் ராலி கையெழுத்துப் பிரதியை எடுத்து 'சில்வா சில்வாரம்' என்ற பெயரில் வெளியிட்டார். ராலி அந்தக் காகிதங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தால், தும்மலின் கதையில் மிக முக்கியமான ஒரு குறிப்பு மண்ணோடு போயிருக்கும்.

குறிப்பு சின்னது. சூரியனை நோக்கினால் தும்மல் வருகிறது. மூக்குத் துவாரங்கள் சூடாவது இதற்குக் காரணமல்ல. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் வெயிலுக்குக் காட்டினாலும் தும்மல் வர வேண்டும், வருவதில்லையே என்று பேக்கன் வாதிட்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு கண்சிமிட்டலில் ரத்தாயிற்று! கருவி வேண்டாம், செலவு வேண்டாம், இமையை மூடினால் போதும். லைசியத்துக்காரர்கள் அடுப்பையும் சூரியனையும் ஒப்பிட்டார்கள். பேக்கன் திறந்த கண்ணையும் மூடிய கண்ணையும் ஒப்பிட்டார். தும்மலை வரவழைப்பது வெயிலின் சூடு இல்லை, வெளிச்சம். அது நுழையும் வாசல் மூக்கில் இல்லை, கண்ணில்.

வாசலைக் கண்டுபிடித்தவர் உள்ளே போகும் பாதையில் தடுமாறினார். வெளிச்சம் மூளையின் ஈரத்தைக் கீழே இழுக்கிறது, கண்ணில் நீர் வருகிறது, கண்ணும் மூக்கும் ஒன்றுக்கொன்று இசைந்தவை என்பதால் அந்த ஈரம் மூக்குக்கும் வந்து தும்மலாகிறது என்றார். இதில் ஓரளவு நியாயம் இருந்தது. கண்ணீர் வடிந்து மூக்குக்குள் போக உண்மையிலேயே ஒரு குழாய் உண்டு. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். மூக்கைக் கிளறினால் கண்ணில் நீர் வருகிறதே என்றும் அவர் சுட்டிக்காட்டினார். இந்தக் கண்ணீர்க் கதை வெகுகாலம் செல்லுபடியானது. அதை வீழ்த்தியது கடிகாரம். வெயிலுக்கு வந்த சில நொடிகளுக்குள் தும்மல் வந்துவிடுகிறது. கண்ணீர் சுரந்து, குழாயில் இறங்கி, மூக்கை நனைத்து அரிக்க அவ்வளவு நேரம் போதாது. அந்த வேகத்தில் ஓடக்கூடியது உடலில் ஒன்றுதான் உண்டு.

நரம்பு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல் போன்றவர்கள் முகத்து நரம்புகளைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பு முகத்தின் தொடு உணர்வைச் சுமப்பது தெளிவாயிற்று. அது மூன்று கிளைகளாகப் பிரிகிறது. மேல் கிளையின் போக்குதான் சுவாரசியம். நெற்றி, இமை, விழியின் மேற்பரப்பு ஆகியவற்றுக்குப் போகும் அதே கிளையிலிருந்து ஒரு சிறு இழை பிரிந்து மூக்கின் உட்புறத்துக்குள்ளும் நுழைகிறது. புருவ முடியைப் பிடுங்கும்போது சிலருக்குத் தும்மல் வருவது இந்த உறவால்தான். பேக்கன் சொன்ன கண்-மூக்கு இசைவுக்கு ஓர் உடம்பு கிடைத்துவிட்டது. அதை வெயிலோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. வெயிலில் தும்மியதற்காக வைத்தியரிடம் போனவர் யார்?

இந்த இடத்தில் கதை சம்பந்தமே இல்லாத ஒரு வகுப்பறைக்குப் போனது. 1850. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளம் பேராசிரியர் கண்ணைப் பற்றிய பாடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். உயிருள்ளவர் கண்ணின் உட்புறம் எப்போதும் கறுப்பாகவே தெரிவது ஏன் என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டும். யோசித்தபோது, ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பி வரும் அதே ஒளியைப் பார்க்கவும் முடிந்தால் விழித்திரை தெரியும் என்று புரிந்தது. கண்ணாடித் தகடுகளையும் வில்லைகளையும் ஒட்டிச் சேர்த்து ஒரு கருவி செய்தார். ஆஃப்தால்மாஸ்கோப் பிறந்தது. உலகெங்கும் கண் வைத்தியர்கள் நோயாளிகளை இருட்டறையில் உட்காரவைத்து, திடீரென்று விழிக்குள் வெளிச்சம் பாய்ச்சத் தொடங்கினார்கள். தங்களை அறியாமலேயே அவர்கள் ஒரு சோதனையைத் தினமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். நூறாண்டு கழித்துத்தான் ஒருவர் அதைக் கவனித்தார்.

அவர் ஸெடான் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். ஆஃப்தால்மாஸ்கோப்பின் ஒளியை விழித்திரையில் செலுத்தியதும் சில நோயாளிகள் தும்மினார்கள். மற்ற மருத்துவர்களாக இருந்தால் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். இவர் விடவில்லை. வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு அளவில், வெவ்வேறு தூரத்திலிருந்து ஒளியைக் காட்டிப் பார்த்தார். வெளிச்சம் முதலில் படும்போது மட்டுமே தும்மல் வந்தது. தொடர்ந்து காட்டிக்கொண்டே இருந்தால் வரவில்லை. கேட்டுப் பார்த்ததில் ஆறு பேர், வெயிலுக்கும் கேமரா ஃபிளாஷுக்கும்கூடத் தும்முவோம் என்றார்கள். தன் துறையின் எழுத்துகளைப் புரட்டினார். எங்கும் ஒரு வரி இல்லை. 1954-இல் வெளியான கட்டுரையில் அவர் வந்த முடிவு: இது மிக மிக அரிதான ஒன்று.

அவருடைய கவனிப்பு அத்தனையும் சரி, முடிவு மட்டும் தலைகீழ். அவர் தேடியது கண் மருத்துவ இதழ்களில். விடை ஏதென்ஸிலும் லண்டனிலும் எழுதப்பட்டுத் தத்துவ நூல்களின் அலமாரியில் கிடந்தது. இதைவிட ஆழமான ஒரு காரணமும் இருந்ததாகவே தோன்றுகிறது. வெயிலில் தும்முகிறவர், உலகத்தில் எல்லோருமே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். தும்மாதவர் அப்படியொன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. முதலாமவர் சொல்லப்போவதில்லை, இரண்டாமவர் கேட்கப்போவதில்லை. வலியும் இல்லை, ஆபத்தும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்று பலகோடிப் பேரிடம் இருந்தும் மருத்துவத்தின் கண்ணில் படாமல் போனது இதனால்தான். அரிதா, சாதாரணமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, போய்க் கேட்பது.

பத்தாண்டு கழித்து ஒருவர் கேட்டார். 1964-இல் 'நியூராலஜி' இதழில் எச். சி. எவரெட் எழுதிய கட்டுரை, வெளிச்சத்தால் வரும் தும்மலை முறையாக ஆராய்ந்த முதல் பெரிய முயற்சி. ஒளித்தும்மல் விளைவு என்று அவர்தான் அதற்குப் பெயர் வைத்தார். கணக்கு எல்லோரையும் திகைக்க வைத்தது. நூற்றுக்கு 17 முதல் 35 பேர் வரை வெளிச்சத்துக்குத் தும்மக்கூடியவர்கள். பின்னர் 1983-இல் ஸ்வீடனில் பெக்மன், நோர்டன்சன் ஆகிய இருவர் விசாரித்தபோதும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்றே வந்தது. ஸெடான் அரிது என்றது ஒவ்வொரு பேருந்திலும் பத்துப் பேரிடம் இருந்தது.

காரணத்தையும் எவரெட் நரம்பிலேயே தேடினார். சாதாரணத் தும்மலில் நடப்பது இது: மூக்கின் உள்தோலில் தூசியோ மிளகாய் நெடியோ பட்டதும் ஐந்தாம் நரம்பு செய்தியை மூளையின் அடித்தண்டுக்குக் கொண்டுபோகிறது, அங்கே முகுளத்தில் உள்ள தும்மல் மையம் விழித்துக்கொண்டு மார்பு, தொண்டை, முகம், இமை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு போடுகிறது. வெளிச்சத்துக்கு வேறொரு தடம். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியாகப் போன செய்தி அடித்தண்டின் மேற்பகுதியைத் தொட்டு, கண்மணியைச் சுருக்கும் உத்தரவாகத் திரும்பி வருகிறது. இரண்டு தடங்களும் மூளைத்தண்டின் நெருக்கடியான சந்துகளில் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. பழைய டெலிபோனில் நடுவே வேறு யாரோ பேசும் குரல் கேட்குமே, அதுபோலச் சிலருக்குக் கண்ணின் செய்தி மூக்கின் கம்பியில் கசிந்துவிடுகிறது என்பது ஊகம். கண்மணியைச் சுருக்கும் நரம்புத் தொகுதியே மூக்கின் உள்தோலையும் கிளறிவிடுகிறது என்பது போட்டி ஊகம். எது சரியானாலும், சிலருக்கு மட்டும் ஏன் கசிகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. நான்கு மருத்துவர்களின் சொந்த வீட்டுக் கூடத்தில் கிடைத்தது.

காலி, ராபர்ட்டா பேகன், ஜூடித் ஹால், ஷொகைர். நால்வரும் பரம்பரை நோய்களும் பிறவிக் குறைகளும் பற்றி ஆராய்ந்தவர்கள். குழந்தைகளின் துயரமான நோய்களோடு தினமும் போராடிய இவர்களுக்கு ஒரு பொது அம்சம் இருந்தது: நான்கு பேருமே வெயிலைக் கண்டால் தும்முகிறவர்கள்! நிபுணர்கள் ஆயிற்றே, உடனே பரம்பரை வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள். தங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பிள்ளைகள் என்று குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரையும் விசாரித்துக் கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் போட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன சம்பவங்களும் இருந்தன. அப்பா மகனுக்கு எக்ஸ் குரோமோசோமைக் கொடுப்பதில்லை. ஆகவே அந்தக் குரோமோசோம் வழியாக இது வரவில்லை என்பது உறுதியாயிற்று. பெரும்பாலும் இரண்டு மூன்று தும்மலோடு நின்றுவிடும் என்று எழுதினார்கள். அதிகபட்சமாக அவர்கள் பதிவு செய்த எண்ணிக்கை 43. ஒரே மூச்சில், ஒன்றன்பின் ஒன்றாக.

1978-இல் கட்டுரை பிறவிக் குறைகள் பற்றிய ஒரு வரிசைத் தொகுப்பில் வெளிவந்தது. தலைப்பில் நால்வரும் குறும்பு செய்தார்கள். ஆட்டோசோமல் டாமினன்ட் கம்பெல்லிங் ஹீலியோ-ஆஃப்தால்மிக் அவுட்பர்ஸ்ட் என்று நீளமாக ஒரு பெயர் சூட்டி, எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தால் 'அச்சூ' என்று ஆங்கிலேயர் தும்மும் ஓசை வரும்படி செய்தார்கள். அந்தக் குறும்புதான் இந்தக் கதையின் மிகப் பெரிய அதிர்ஷ்டம் என்பேன். விளையாட்டுப் பெயர் என்பதால் ஒருமுறை கேட்ட மாணவர் மறக்கவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் வாய்வழியாகவே பரவியது. விக்டர் மெக்கூசிக் தொகுத்துவந்த பரம்பரைப் பண்புகளின் பேரகராதியில், உயிரைக் குடிக்கும் நோய்களோடு, இந்தத் தும்மலுக்கும் 100820 என்ற எண் கிடைத்தது. ஜூடித் ஹால் பின்னர் 1990-இல், வயிறு நிறையச் சாப்பிட்டதும் சிலருக்குப் பரம்பரையாக வரும் தும்மலைப் பற்றியும் மருத்துவ இதழில் எழுதினார். யாரும் பொருட்படுத்தாத உடல் விசித்திரங்களுக்கு அவர் போன்றவர்கள் கொடுத்த மரியாதைக்குப் பலன் சீக்கிரமே தெரிந்தது. விஷயம் ராணுவத்தின் காதுக்கு எட்டிவிட்டது.

தும்மும்போது கண் மூடிக்கொள்கிறது. சாதாரண மனிதருக்கு அது ஒரு கணம். தாழப் பறக்கும் போர் விமானத்தில், மேகத்தைக் கிழித்துக்கொண்டு சட்டென்று சூரியனைச் சந்திக்கும் விமானிக்கு அந்த ஒரு கணம் உயிர். 1993-இல் 'மிலிட்டரி மெடிசின்' இதழில் பிரைட்டன்பாக் முதலியோர் இந்த ஆபத்தை எழுப்பினார்கள். குறிப்பிட்ட நிற ஒளிதான் காரணமென்றால் அதை வடிகட்டும் கண்ணாடி போட்டுத் தப்பித்துவிடலாம் என்று பல வடிகட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும் தும்மல் வந்தது. மற்ற நிறங்களைத் தடுத்தாலும் வந்தது. நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளிச்சத்தின் அளவு திடீரென்று மாறுவதுதான் விசையை அழுத்துகிறது என்று முடிவாயிற்று. இருட்டுக்குப் பழகிய கண், எதிர்பாராத ஒளி. தியேட்டரை விட்டு மதிய வெயிலுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே தும்முவது இதனால்தான். ஸெடானின் நோயாளிகள் முதல் வெளிச்சத்துக்கு மட்டும் தும்மியதன் பொருள் நாற்பதாண்டு கழித்து விளங்கியது.

கண் அறுவை அரங்கிலும் இது தலைகாட்டியது. மயக்க மருந்து கொடுத்துக் கண்ணருகே ஊசி போடும்போது சிலர் திடீரென்று தும்முவதையும், வெயிலில் தும்முகிறவர்களிடம் அது கூடுதலாக இருப்பதையும் மயக்கவியல் மருத்துவர்கள் கவனித்தார்கள். விழியோரம் ஊசி முனை இருக்கும்போது தலை குலுங்கினால் என்ன ஆகும்? ஊசி போடும் முன், வெயிலில் தும்மும் பழக்கமுண்டா என்று கேட்பது நல்லது என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதத் தொடங்கினார்கள். வேடிக்கை என்று ஒதுக்கப்பட்ட கேள்வி ஒரு நோயாளியின் கண்ணைக் காக்கும் கேள்வியாகிவிட்டது. எந்த மரபணு என்று மட்டும் அப்போதும் யாருக்கும் தெரியவில்லை. தேடுவதற்குப் பணம் யார் கொடுப்பார்கள்? தும்மலால் யாரும் சாகவில்லையே.

பணம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2006-இல் கலிஃபோர்னியாவில் ட்வென்டித்ரீஅண்ட்மீ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால், மரபணுக்களைப் படித்துப் பூர்வீகத்தையும் பண்புகளையும் சொல்வார்கள். வாங்கியவர்களிடம் இணையத்தில் கேள்விகள் கேட்டார்கள். முடி சுருட்டையா? முகத்தில் புள்ளிகள் உண்டா? ஆஸ்பராகஸ் தின்றபின் சிறுநீரில் ஒரு வாடை வருவது தெரிகிறதா? அதே பட்டியலில் வெயிலுக்கு வந்தால் தும்முவீர்களா என்பதும் இருந்தது. தனியாகச் செய்திருந்தால் எந்த அரசும் காசு கொடுக்காத ஆய்வு, மற்றக் கேள்விகளின் தோளில் ஏறிக்கொண்டது. பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களின் பதில்களும் மரபணுக்களும் ஒப்பிடப்பட்டன. 22 பண்புகள் அலசப்பட்டன. 2010-இல் எரிக்சன் குழுவினரின் முடிவுகள் வெளியானபோது, வெயில் தும்மலுக்குப் பக்கத்தில் முதல்முறையாக முகவரி எழுதப்பட்டிருந்தது.

ஒன்றல்ல, இரண்டு முகவரிகள். ஒன்று இரண்டாம் குரோமோசோமில், ஸெப்2 என்ற மரபணுவுக்கு அருகே. மற்றொன்று பதினைந்தாம் குரோமோசோமில். ஸெப்2 பெரிதாகப் பழுதானால் வலிப்போடு கூடிய கடுமையான ஒரு பிறவி நோய் வருவது ஏற்கெனவே தெரிந்த செய்தி. பளிச்சிடும் வெளிச்சத்தால் வலிப்பு வருகிறவர்களும் உலகில் உண்டு. வெளிச்சத்தால் தும்மலும் வெளிச்சத்தால் வலிப்பும் மூளையின் ஒரே பலவீனத்தின் இரு முகங்களோ என்று நரம்பியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதே ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் லாங்கர், பீலி, யெங்கே ஆகியோர் வெயிலில் தும்மும் பத்துப் பேரையும் தும்மாத பத்துப் பேரையும் அழைத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தி, கட்டம் போட்ட படங்களைக் காட்டினார்கள். தும்மும் பத்துப் பேரின் பார்வைப் புறணி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துடித்தது. மூக்கில் குறுகுறுப்பு எழும்போது தொடு உணர்வைக் கையாளும் பகுதிகளும் சேர்ந்து விழித்தன. அடித்தண்டில் நடக்கும் எளிய குறுக்கு இணைப்பு என்று அறுபதுகளிலிருந்து நம்பிவந்தது போதாது என்றாயிற்று. மூளையின் மேல்தளத்துக்கும் இதில் பங்கு இருந்தது. பின்னர் 2021-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சின் லியூவின் குழு எலிகளுக்கு மிளகாயின் காரச்சத்தைத் தூவித் தும்மவைத்து, நியூரோமெடின் பி என்ற சிறு புரதம்தான் தும்மல் செய்தியை மையத்துக்குக் கொண்டுபோகிறது என்று கண்டது. அதை ஏற்கும் நரம்பணுக்களை நீக்கியதும் எலிகளின் தும்மல் நின்றது, மூச்சு சீராகவே ஓடியது. தும்மல் மையத்தின் பூட்டுக்கு ஒரு சாவி கிடைத்துவிட்டது. கண்ணிலிருந்து வரும் செய்தியும் அதே சாவியைத்தான் திருப்புகிறதா என்பது அடுத்த வேலை.

இத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. எச்சில் குழாயை அனுப்பிவைத்தவருக்குச் சில வாரங்களில் ஓர் அறிக்கை வருகிறது. பூர்வீகம் எந்த நாடு, முடி எப்படி, புள்ளிகள் வருமா என்று வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலில் ஒரு வரி: பளிச்சென்ற வெயிலுக்கு வந்தால் தும்மும் வாய்ப்பு இவருக்கு அதிகம், அல்லது குறைவு. பெரும்பாலானவர்கள் அதைப் படித்துப் புன்னகைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். லைசியத்துப் பெயர் தெரியாத மாணவரின் கேள்வி, பேக்கன் மூடிய இமை, ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணாடித் தகடு, ஸெடானின் பொறுமை, நான்கு மருத்துவர்களின் குடும்ப வரைபடம் எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் இருக்கின்றன.

வரி வாய்ப்பை மட்டுமே சொல்கிறது, உறுதி தருவதில்லை. 1978-இல் நால்வரும் கருதியதுபோல ஒற்றை மரபணு பெற்றோரிடமிருந்து அப்படியே கைமாறுகிறது என்றால் கணக்கு எளிதாக இருந்திருக்கும். 2010-இன் முகவரிகள் இரண்டுமே தும்மும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுபவை, அவ்வளவுதான். இரண்டும் இல்லாமலேயே தும்முகிறவர்களும் உண்டு. 2019-இல் சீன மக்களிடையே மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்தபோது, இரண்டாம் குரோமோசோமின் அதே இடம் மறுபடி வந்து நின்றது. கூடவே ஒரு புதிய இடமும் தென்பட்டது. ஐரோப்பியப் பூர்வீகம் கொண்டவர்களின் எச்சிலில் கிடைத்த தடயம் முற்றிலும் வேறொரு மக்களிடமும் தப்பாமல் கிடைத்ததால், ஸெப்2-வின் அக்கம்பக்கத்தில் எந்த எழுத்து மாறினால் கண்ணின் செய்தி மூக்குக்குப் போகிறது என்று அங்கேதான் இப்போது துருவ வேண்டியிருக்கிறது.